சி.டி. ஸ்கேனும் கதிர்வீச்சின் அளவும்

தறிக்குழியில் கால்களை வைத்து நாள் முழுவதும் குனிந்து நெய்பவர்களுக்கு முதுகுவலி வருவது காஞ்சிபுரத்தில் புதிய செய்தி அன்று. அவர்களுள் பலர், "ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துவிடலாமே, ஐயா" என்று கேட்டபடியே வருகின்றனர். பெரும்பாலான முதுகுவலிக்கு முதல் சில வாரங்களில் எந்தப் படமும் தேவைப்படுவதில்லை. கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை போன்றவை தோன்றினால் தாமதிக்கக் கூடாது, அப்போதும் எம்.ஆர்.ஐ.யே பொருத்தமானது. அதில் எக்ஸ் கதிர் இல்லை.

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்னும் அலகால் அளக்கிறோம். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெறுவது, உலகச் சராசரியாக, ஏறத்தாழ 2.4. தலைக்கான சி.டி. சுமார் 2, வயிற்றுக்கானது 8 முதல் 10 வரை. வயிற்றை மருந்து செலுத்துவதற்கு முன் ஒருமுறையும் பின் இருமுறையும் படமெடுத்தால் அது ஏறக்குறைய மும்மடங்காகிவிடும். எனவே எத்தனை கட்டங்கள் தேவை என்று முன்கூட்டியே தீர்மானிப்பது, புதிய இயந்திரம் வாங்குவதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. சிறுநீரகக் கல்லைக் காண மருந்தின்றி ஒரே கட்டம் போதும். பலருக்கு அதனை 3 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவாகவே எடுத்துவிடலாம்.

இன்றைய இயந்திரங்கள் உடற்பருமனுக்கேற்ப மின்னோட்டத்தைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. நோயாளி வளையத்தின் நடுவே சரியாகப் படுக்காவிட்டால் அக்கணக்குப் பிழைபடும். தொழில்நுட்பவியலாளர் ஒரு விரற்கடை நகரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அசைந்துவிட்டால் படத்தை மீண்டும் எடுக்க நேரும், அளவும் இரட்டிக்கும்.

குழந்தைகளின் திசுக்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுபவை. அவர்களின் வயிற்றுவலிக்கு முதலில் அல்ட்ராசவுண்டே.

இதற்கு நேர்மாறான அச்சமும் இப்போது பரவியிருக்கிறது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, வாந்தியெடுத்து மயங்கும் முதியவருக்கும், "புற்றுநோய் வந்துவிடும்" என்று சி.டி.யை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. 10 மில்லிசீவர்ட் பெறுவதால் பிற்காலத்தில் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 2,000இல் ஒன்று கூடலாம் என்பது ஒரு மதிப்பீடு. மூளைக்குள் கசியும் இரத்தமோ அன்றிரவே உயிரைப் பறிக்கக்கூடும். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை.

காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் தொடர்சிகிச்சை பெறுவோருக்கு மீண்டும் மீண்டும் ஸ்கேன் தேவைப்படுவது இயல்பு. அவர்கள் பழைய ஃபிலிமையும் குறுந்தகட்டையும் மறவாமல் கொண்டுவர வேண்டும். கைப்பேசியில் எடுத்த ஃபிலிமின் புகைப்படத்தை வைத்து எங்களால் ஒப்பிட முடிவதில்லை. கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருப்பினும், மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.