சமநிலையின் நிறை

சதுரங்க ஆட்டத்தில் வெற்றி, தோல்வி என்னும் இரண்டனோடு சமநிலை என்னும் மூன்றாவது முடிவும் உண்டு. ஆடுவோர் இருவரும் உடன்படுதல், ஒரே நிலை மும்முறை தோன்றுதல், அரசன் தாக்கப்படாதிருந்தும் எக்காயையும் நகர்த்த வழியற்றுப் போதல் ஆகியன அதற்குரிய வழிகளுட் சில. அவ்வாறு முடியின், ஆளுக்கு அரைப்புள்ளி கிடைக்கும். புள்ளி ஒத்திருப்பினும், அதன் நிறை இருவர்க்கும் ஒத்ததன்று.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் நார்வே நாட்டுக் கார்ல்சன். 2013இல் சென்னையில் ஆனந்தை வென்று உலக வாகை சூடியவர். தர எண் 2835. மறுபுறம் சென்னை இளைஞர் பிரக்ஞானந்தா; அத்திங்களில்தான் பதினெட்டு வயது நிரம்பியவர்; தர எண் 2690.

தர எண் என்பது ஈலோ என்னும் இயற்பியற் பேராசிரியர் வகுத்த கணக்கு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதனை 1970இல் ஏற்றுக்கொண்டது. 145 எண் வேறுபாடுடைய இருவர் பத்து ஆட்டங்கள் ஆடின், உயர்ந்தவர் ஏறக்குறைய ஏழு புள்ளியும் மற்றவர் மூன்று புள்ளியும் பெறுவர் என்பது அக்கணக்கு. ஆகவே, ஆட்டம் சமநிலையில் முடிந்தால் தாழ்ந்தவர் எண் சிறிது ஏறும். உயர்ந்தவர் எண் சிறிது இறங்கும். ஓசூர்த் தொழிற்சாலையில் நுண்ணளவுக் கருவியால் அளந்த இரும்புத் துண்டு, நாளை அளப்பினும் அதே அளவினைக் காட்டும். மனிதன் அத்தகையன் அல்லன். தர எண் முடிந்த ஆட்டங்களின் கணக்கேயன்றி, வரும் ஆட்டத்திற்கு இட்ட கட்டளையன்று.

ஆகஸ்டு 22இல் நடந்த முதல் ஆட்டத்தில் பிரக்ஞானந்தா வெள்ளைக் காய்களை ஆடினார். 35 நகர்த்தல்களில் அது சமநிலையாயிற்று. மறுநாள் கார்ல்சன் வெள்ளை; 30 நகர்த்தல்களில் மீண்டும் சமநிலை. உண்ட உணவு தீங்கு செய்தமையால் தாம் நலிந்திருந்ததாகக் கார்ல்சன் கூறினார். நலிந்த யானையும் யானைதானே! அதனை எதிர்த்து இரு நாளும் நின்றது எளிய செயலன்று.

24ஆம் நாள், வெற்றியை முடிவு செய்ய விரைவாட்டங்கள் நடந்தன. முதலாவதில் கார்ல்சன் வென்றார். இரண்டாவது சமநிலையில் முடிந்தது. முந்திய இரு நாளும் இளையவர்க்கு ஊதியமாய் அமைந்த அதே அரைப்புள்ளி, அன்று அவருக்குப் போதவில்லை. கார்ல்சனுக்கோ அதுவே கோப்பையைத் தந்தது.