கண்ணாடிப் பனி... தங்க வலை! ரைபோசோம் படத்துக்குப் பின்னால் இவ்வளவு வேலையா?

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி வழியாக வடக்கே போனால் சிதம்பரம். 1952-ல் அங்கே பிறந்தவர்தான் வெங்கி ராமகிருஷ்ணன். நம் செல்களுக்குள் புரதம் தயாரிக்கும் ‘தொழிற்சாலை’ ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது எக்ஸ்-ரே. ஆனால், ரைபோசோம்களை முதலில் படிகமாக்க வேண்டும். அதற்கே பல வருடங்கள் பிடிக்கும். பிறகு, அவருடைய குழு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு மாறியது. இதற்குப் படிகம் வேண்டாம். ஆனால், வேறு சிக்கல் உண்டு.

இந்த மைக்ராஸ்கோப்புக்குள் வெற்றிடம்தான். ஈரமான எதை வைத்தாலும் நீர் ஆவியாகி, பொருள் சுருங்கிவிடும். கருவாட்டைப் பார்த்துவிட்டு, கடலில் நீந்திய மீன் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?

சரி, உறைய வைத்தால்? மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகங்கள் உருவாகி மூலக்கூறைச் சிதைத்துவிடும். 1980-களில் இதற்கு வழி கண்டது, ழாக் துபோஷேவின் குழு.

சுமார் 3 மி.மீ. அகலமுள்ள உலோக வலை. அதன்மேல் நுண்துளைகள் கொண்ட கார்பன் படலம். அதில் ஒரு துளி கரைசலை விட்டு, உறிஞ்சுதாளால் ஒற்றி எடுப்பார்கள். துளைகளில் மெல்லிய நீர்ப்படலம் மட்டும் மிஞ்சும். உடனே, சுமார் மைனஸ் 180 டிகிரி குளிரில் இருக்கும் திரவ ஈத்தேனில் முக்கிவிடுவார்கள். படிகமாவதற்கு நேரமே கிடைக்காமல், நீர் கண்ணாடிபோல உறைந்துவிடும். மூலக்கூறும் அப்படியே நிற்கும். துபோஷேவுக்கு 2017-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்போதும் ஒரு குறை இருந்தது. எலெக்ட்ரான் கதிர் பட்டதும் கார்பன் படலம் லேசாக அசையும். படம் மங்கிவிடும். வெங்கி பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ருஸ்ஸோ, லோரி பாஸ்மோர் இருவரும், 2014-ல் வலை, படலம் இரண்டையுமே தங்கத்தில் செய்து காட்டினார்கள். அசைவு வெகுவாகக் குறைந்தது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? டாக்டர் எழுதித்தரும் அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகள் பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் முடக்குகின்றன. மருந்து அதில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று தெளிவாகத் தெரிந்தால்தான், மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்குப் புது மருந்து தேட முடியும்.

மைக்ராஸ்கோப் எத்தனை கோடி விலையுள்ளதாக இருந்தாலும் சரி... அந்த 3 மி.மீ. வலையில் துளி சரியாக உட்காரவில்லை என்றால் படம் இல்லை!