லேப்டாப் ஸ்லோவா இருக்கா? மொதல்ல போட்டோவைக் காப்பாத்துங்க

"மாமா, இதை ஆன் பண்ணிட்டுப் போயி உலை வச்சு சோறு வடிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்று சொல்லி, அக்காவின் சின்ன மகள் லேப்டாப்பை என் மேசைமேல் வைத்தாள். குரூப் 4 விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். பிரவுசர் திறப்பதற்குள் அந்தப் பக்கமே காலாவதியாகி வெளியே தள்ளிவிடுகிறதாம்.

பெரியவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம். எல்காட் மூலமாக வாங்கிப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கீரனூர் மாதிரி ஊர்களில் எத்தனையோ வீட்டுக்கு அதுதான் முதல் கணினி. பிள்ளை படித்து முடித்து, கல்யாணமாகிப் போன பிறகும் லேப்டாப் மட்டும் பீரோவுக்குள் இருக்கும். எங்க அக்கா வீட்டிலும் அதே கதைதான்.

எனக்கு முன்னால் ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள். "ஃபார்மட் அடிச்சுப் புது விண்டோஸ் போட்டா பறக்கும். இல்லேன்னா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கங்க" என்று சொன்னார்களாம். அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு, காசு எடுத்துவர வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் அது என் கைக்கு வந்தது.

எங்க அம்மா தவறி நாலு வருஷம் ஆகிறது. பெரியவள் கல்யாணத்தில் எடுத்த அம்மாவின் படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. அது அக்காவுக்கே ஞாபகமில்லை. இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம். வேகம் குறைந்த கணினியை எப்படிச் சோதிப்பது, எந்த வரிசையில் சரிசெய்வது என்று நான் குறித்து வைத்ததை இங்கே தருகிறேன்.

ஒரு மளிகைக் கடையை நினைச்சுக்குங்க

கடைக்காரர்தான் பிராசசர். அவர் முன்னால் இருக்கிற மேசை ராம். பின்தெருவில் இருக்கிற குடோன், ஹார்ட் டிஸ்க். நீங்கள் பருப்பு கேட்டால், அது மேசைமேல் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் பையன் குடோனுக்கு ஓடணும். மேசை சின்னதாக இருந்தால் இன்னும் சிக்கல். பருப்பை வைக்க இடம் வேண்டும் என்று புளியைக் குடோனுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த ஆள் வந்து புளி கேட்பார். நாள் முழுக்கப் பையன் ஓடிக்கொண்டே இருப்பான், கடைக்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

கணினி ஸ்லோ என்றதும் நாம் பிராசசரைத் திட்டுகிறோம். பழைய வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. ஓடிக் களைப்பது குடோன் பையன்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் தெரியும். எது 100-ஐ ஒட்டி நிற்கிறதோ அதுதான் நம்ம ஆள். இந்த லேப்டாப்பில் சிபியு 15-ஐத் தாண்டவில்லை. மெமரி 88. டிஸ்க் 100-ஐ விட்டு இறங்கவே இல்லை.

90 சுற்று கணக்கு

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதாவது விநாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. நமக்கு வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முள் சரியான தடத்துக்கு நகர இன்னும் 10, 12 மில்லிவிநாடி. கூட்டினால், சிதறிக் கிடக்கிற ஒரு துண்டை எடுக்க ஏறக்குறைய 17 மில்லிவிநாடி. விநாடிக்கு 60 துண்டுகள்தான்.

விண்டோஸ் எழுந்து வரும்போது இப்படிப் பத்தாயிரம் துண்டுகளைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 வீதம் கொடுத்தால் கிட்டத்தட்ட மூணு நிமிஷம். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிவிநாடி போதும். அதே பத்தாயிரம் ஒரே விநாடியில் முடிந்துவிடும். பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்டதும் "புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று எல்லாரும் சொல்வதற்கு இவ்வளவுதான் காரணம்.

வாங்கியபோது இதே டிஸ்க் நன்றாகத்தானே ஓடியது? ஓடியது. அன்றைக்கு மென்பொருள்கள் சின்னதாக இருந்தன. வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் வேகமாகப் பெருத்துப்போகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995-லேயே எழுதினார். பாஸ்கல் மொழியை உருவாக்கியவர் அவர். இந்த லேப்டாப்பில் இருந்தது 2 ஜிபி ராம். அதில் யாரோ விண்டோஸ் 10 ஏற்றியிருந்தார்கள். இன்றைய பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மேசை நிறைந்துவிடும், பையன் ஓட ஆரம்பித்துவிடுவான்.

ஆனால், இங்கே வேறு ஒன்றும் இருந்தது

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைத் தட்டினால், சராசரி பதில் நேரம் என்று ஒரு எண் காட்டும். நல்ல ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போது அது இருபது, முப்பது மில்லிவிநாடிக்குள் இருக்கும். வேலை அதிகமானால் நூற்றுக்கணக்கில் ஏறும், பிறகு இறங்கிவிடும். இதில் 1,800, 2,400 என்று நின்றுகொண்டே இருந்தது. நான் எதையும் திறக்காதபோதும் அப்படியே. காதை வைத்துக் கேட்டால், சில நேரம் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். இந்த மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். இதில் மஞ்சள். ரீஅலொகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட துண்டுகள், பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. கரண்ட் பெண்டிங் செக்டார், அதாவது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் துண்டுகள், அதைவிட அதிகம்.

கெட்ட துண்டு ஒன்று வந்தால் டிஸ்க் உடனே "முடியலை" என்று சொல்லாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்த நேரமெல்லாம் கணினி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். நாம் ஸ்லோ என்று சொன்னது டிஸ்க் சாகிற நேரத்து மூச்சுத்திணறல்.

இப்படிப்பட்ட டிஸ்க்கில் டீஃப்ராக் ஓட்டக்கூடாது. முழு டிஸ்க்கையும் தேடிப் பழுதுபார்க்கிற செக்டிஸ்க்கையும் ஓட்டக்கூடாது. ரெண்டுமே சாகப்போகிறவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவது மாதிரி. ஃபார்மட் அடிப்பது அதைவிட மோசம். படங்களும் போகும், டிஸ்க்கும் சரியாகாது, மூணு மாசத்தில் மறுபடி கடைக்குப் போகணும்.

படங்களை எடுத்த விதம்

வேறொரு கணினியில் ரூஃபஸ் மென்பொருளை வைத்து ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்தே துவக்கினேன். இதில் ரெண்டு லாபம். ஒண்ணு, விண்டோஸ் ஓடாததால் சாகிற டிஸ்க்குக்கு வேலை குறைகிறது. ரெண்டாவது, இது ஒரு நல்ல சோதனை. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவில் லேப்டாப் சுமாராக ஓடிவிட்டால் பிராசசர் மேல் குற்றமில்லை என்று உறுதியாகிவிடும். இங்கே ஓடியது.

முதலில் படங்கள் இருந்த போல்டர், அடுத்து சான்றிதழ் ஸ்கேன்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இந்த வரிசை முக்கியம், டிஸ்க் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்ய ஒரு ராத்திரியும் மறுநாள் மதியம் வரையும் ஆனது. சாதாரணக் காப்பி ஒரு கோப்பில் மாட்டி நின்றபோது டிடிரெஸ்கியூ என்ற லினக்ஸ் கருவிக்கு மாறினேன். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியாகத் திரும்பிவரும்.

கல்யாணப் படங்களில் 37 திறக்கவில்லை. பாதிப் படம் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக நிற்கிறவை பதினொண்ணு. அதில் ஒன்றில் அம்மாவின் முகம் வரைக்கும் வந்திருக்கிறது, கை வரவில்லை. ஸ்லோ ஆக ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும் என்று அக்கா சொன்னாள். அப்போதே பார்த்திருந்தால் அந்த 37-ம் கிடைத்திருக்கலாம்.

பிறகுதான் வேகம்

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன், ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இந்த மாடலில் பின்மூடியில் சில ஸ்குரூதான், பத்து நிமிஷ வேலை. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். காலியாக இருந்த இன்னொரு ராம் இடத்தில் பழைய 4 ஜிபி துண்டு ஒன்றைச் செருகினேன். வாங்கும்போது டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ என்று பார்த்து வாங்குங்கள். 1.35 வோல்ட் மட்டும் ஏற்கிற லேப்டாப்பில் 1.5 வோல்ட் துண்டு வேலை செய்யாது.

அடுத்து, எந்த இயங்குதளம்? விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, இந்த வயசு லேப்டாப்பில் முறைப்படி ஏறாது. அதனால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே போட்டுவிட்டேன். தமிழ்99 விசைப்பலகை அதில் வந்துவிடும். பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவைக் காப்பி செய்து போட்டால் போதும். விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருள், சில பிரிண்டர்கள் வேண்டும் என்றால் இது ஒத்துவராது. முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த லேப்டாப் வந்தபோதே விண்டோஸோடு லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிற்கிறோம்.

முன்பு ஆன் செய்து பிரவுசர் திறக்க 11 நிமிஷம். இப்போது 45 விநாடி.

உங்க வீட்டில் வேறு காரணமும் இருக்கலாம்

டிஸ்க் நீலமாக இருந்தால் பயப்பட வேண்டாம், இவற்றைப் பாருங்கள்.

மெமரி நிரம்பி நிற்கிறதா? டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததை நிறுத்துங்கள். ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு கோப்பையும் ரெண்டு பேர் சோதிக்கிறார்கள்.

சி டிரைவ் சிவப்பாக இருக்கிறதா? கொஞ்சமாவது இடம் காலி செய்யுங்கள். மேசை நிறைந்தால் சரக்கை வைப்பதற்கு விண்டோஸுக்கு அங்கே இடம் வேண்டும்.

ஆன் செய்தபோது வேகமாக இருந்து அரைமணி கழித்துத் தவழுகிறதா? அது சூடு. பிராசசர் 90, 100 டிகிரியைத் தொட்டால் கருகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்ம ஊர் சித்திரை வெயிலும் செம்மண் புழுதியும் போதும், விசிறிக்குப் பின்னால் கம்பளி மாதிரி தூசி படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடும். மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

பலனில்லாததையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து பத்துத் தடவை ரெஃப்ரெஷ் கொடுப்பது நம்ம எல்லாருக்கும் உள்ள வியாதி. அது ஐகான்களைத் திரும்ப வரைகிறது, அம்புட்டுதான். ப்ரீஃபெட்ச் போல்டரை அழித்தால் மென்பொருள்கள் அடுத்த தடவை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. எஸ்எஸ்டிக்கு டீஃப்ராக் தேவையில்லை.

விண்ணப்பத்தை அவள் அன்று சாயங்காலமே போட்டுவிட்டாள். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். அந்த 37-க்காக ஒரு நப்பாசை. கிடைத்த படங்கள் இப்போது என் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி. ஒரே இடத்தில் இருக்கிற கோப்பை இல்லாத கோப்பாகவே நினைச்சுக்குங்க.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு பழைய லேப்டாப் இருந்தால், இன்னைக்கு ராத்திரி எடுத்து ஆன் செய்து பாருங்கள். வேகத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம், முதலில் படங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.