அரியலூர் பஸ்ஸும் ஒரு உடைஞ்ச லிங்க்கும்: கிட்ல சிம்லிங்க் எப்படி வேலை செய்யுது?

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டிருக்கிறது.

இன்னிக்கு எடுத்துக்கிற விஷயம் ரொம்பச் சின்னது: கிட்ல சிம்பாலிக் லிங்க், சுருக்கமா சிம்லிங்க். சின்னதுதானேன்னு நானும் அலட்சியமா விட்டேன். அதனால எங்க தெரு அக்கா ஒருத்தங்க அரியலூர் ஸ்டேஷன்ல பல்லவன் எக்ஸ்பிரஸ்ஸை விட்டுட்டாங்க. அன்னிக்கு மதியம் அவங்களுக்குச் சென்னையில இன்டர்வியூ.

ஒரு லிங்க்குக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்? சொல்றேன்.

ஒரே பஸ், ரெண்டு ஃபோல்டர்

பெரம்பலூர் திருச்சி - சென்னை ஹைவேயில இருக்கு, ஆனா ரயில் கிடையாது. ரயில் புடிக்கணும்னா நிறைய பேர் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குத்தான் போவாங்க. அதனால பஸ் டைம் எங்களுக்கு முக்கியம். நானும் சில காலேஜ் பசங்களும் சேர்ந்து ரெண்டு மாவட்டத்துக்கும் பஸ் நேரம் காட்டுற ஒரு குட்டி சைட் வெச்சிருந்தோம். டேட்டா எல்லாம் சிஎஸ்வி ஃபைல், கிட் ரெப்போவுல இருக்கும். தினமும் ராத்திரி ஒரு லினக்ஸ் சர்வர் அதை எடுத்துப் பக்கங்களை பில்ட் பண்ணும்.

ஃபோல்டரை மாவட்ட வாரியா பிரிச்சோம். எங்க மாவட்ட வரலாறே ஒரு கிட் லாக் மாதிரிதான். 1995ல திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிஞ்சது. 2001 ஜனவரியில பெரம்பலூர்லேருந்து அரியலூர் தனி மாவட்டம் ஆச்சு. 2002ல திரும்ப மெர்ஜ். 2007 நவம்பர்ல மறுபடி தனி. ஆனா பஸ்ஸுக்கு மாவட்டம் தெரியாதே! பெரம்பலூர் - அரியலூர் ரூட் ரெண்டு ஃபோல்டருக்கும் சொந்தம்.

ஃபைலை ரெண்டு இடத்துல காப்பி பண்ணா, ஒண்ணை மாத்திட்டு இன்னொண்ணை மறந்துடுவோம். அதனால நிஜ ஃபைலை பெரம்பலூர் ஃபோல்டர்ல வெச்சேன். அரியலூர் ஃபோல்டர்ல அதுக்கு ஒரு சிம்லிங்க் போட்டேன். என் மெஷின்ல அருமையா ஓடுச்சு.

கிட் உண்மையில எதை சேமிக்குது?

வாசல்ல "பக்கத்து வீட்டுல சாவி இருக்கு"ன்னு சீட்டு ஒட்டிட்டுப் போவோம்ல? சிம்லிங்க் அந்தச் சீட்டுதான். அதுல சாவி இல்ல, சாவி இருக்கிற இடம் மட்டும் எழுதியிருக்கு. 1983ல 4.2பிஎஸ்டி யுனிக்ஸ் காலத்துலேருந்து இருக்கிற வசதி இது. நாம லிங்க்கைத் திறந்தா, ஆபரேட்டிங் சிஸ்டம் சீட்டைப் படிச்சு நேரா அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடும்.

கிட் அப்படிப் போகாது. சீட்டை மட்டும்தான் எடுத்து வைக்கும். கிட்டுக்குள்ள ஒரு சிம்லிங்க்னா ஒரு சாதாரண ப்ளாப், அதுக்குள்ள இருக்கிறது போக வேண்டிய பாதை மட்டும். அது லிங்க்தான்னு அடையாளம் காட்டுறது மோட் நம்பர். சாதாரண ஃபைலுக்கு 100644, ரன் பண்ணக்கூடிய ஃபைலுக்கு 100755, சிம்லிங்க்குக்கு 120000. உங்க ரெப்போவுல பாக்கணும்னா, கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் ஹைஃபன் எஸ் அடிங்க. 120000ன்னு ஆரம்பிக்கிற வரி எல்லாம் சீட்டு.

இதுலேருந்து ரெண்டு விஷயம் தானா வருது. ஒண்ணு, லிங்க் ரெப்போவுக்கு வெளியில இருக்கிற ஃபைலைக் காட்டினா அந்த ஃபைல் கிட்டுக்குள்ள வராது. "கமிட் பண்ணிட்டேன், பேக்கப் இருக்கு"ன்னு நிம்மதியா தூங்காதீங்க. ரெண்டு, உங்க ஹோம் ஃபோல்டர்லேருந்து முழுப் பாதை எழுதின லிங்க் இன்னொருத்தர் மெஷின்ல வேலைக்கு ஆகாது. எப்பவும் லிங்க் இருக்கிற இடத்துலேருந்து, "ஒரு படி மேல போய், அந்த ஃபோல்டருக்குள்ள"ன்னு ரிலேட்டிவ் பாதையா எழுதுங்க.

விண்டோஸ்ல என்ன ஆச்சு

டேட்டா அப்டேட் பண்றது எங்க டீம்ல ஒரு காலேஜ் தங்கச்சி. காலேஜ் லேப் கம்ப்யூட்டர்தான், விண்டோஸ், அட்மின் உரிமை கிடையாது. விண்டோஸ்ல சிம்லிங்க் உருவாக்க வழக்கமா அட்மின் உரிமை வேணும். 2017க்கு அப்புறம் விண்டோஸ் 10ல டெவலப்பர் மோட் ஆன் பண்ணா அட்மின் இல்லாமலே உருவாக்கலாம். ஆனா அந்த மோடை ஆன் பண்ணவே அட்மின் வேணும்!

லிங்க் உருவாக்க முடியாதுன்னு தெரிஞ்சா, குளோன் பண்ணும்போதே கிட் கோர்.சிம்லிங்க்ஸ்ங்கிற செட்டிங்கை ஃபால்ஸ்னு வெச்சிடும். அப்புறம் லிங்க் இருக்க வேண்டிய இடத்துல ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை வைக்கும். உள்ள ஒரே ஒரு வரி, அந்தப் பாதை. எர்ரர் எதுவும் வராது.

அவ அரியலூர் ஃபோல்டரைத் திறந்தா பஸ் நேரத்துக்குப் பதிலா ஒரு வரி கிறுக்கல். யாரோ தெரியாம அழிச்சிட்டாங்கன்னு நினைச்சு, பஸ் ஸ்டாண்டுக்கே போய் புது நேரத்தை எல்லாம் குறிச்சுட்டு வந்து, அந்த ஃபைல்ல பொறுப்பா டைப் பண்ணி கமிட் பண்ணிட்டா. காலையில ஒரு பஸ் 20 நிமிஷம் முன்னாடியே கிளம்ப ஆரம்பிச்சிருந்தது. அதையும் சரியா போட்டிருந்தா.

இங்கதான் எனக்கே தெரியாத ஒரு விஷயம். கோர்.சிம்லிங்க்ஸ் ஃபால்ஸா இருந்தா, ஏற்கெனவே 120000ன்னு பதிவான ஃபைலை நீங்க எவ்வளவு மாத்தினாலும் கிட் அதை லிங்க்காவே நினைச்சுக்கும். பாவம், அதுக்கு வேற வழி இல்ல: விண்டோஸ்ல அது டெக்ஸ்ட் ஃபைலாத்தான் இருக்கும்னு அதுக்குத் தெரியும். ஆக, அவ போட்ட மொத்த டைம் டேபிளும் அந்தச் சீட்டுல இருக்கிற "பாதை" ஆயிடுச்சு.

அவ மெஷின்ல எல்லாம் சரியா தெரிஞ்சுது. லினக்ஸ் சர்வர்ல, பஸ் நேரங்களையே பேரா வெச்சிருக்கிற, உலகத்துலயே இல்லாத ஒரு ஃபைலைத் தேடி ஒரு உடைஞ்ச லிங்க். இன்னும் பெரிய ஃபைலா இருந்திருந்தா, "பேர் ரொம்ப நீளம்"னு லினக்ஸ் லிங்க்கையே உருவாக்கியிருக்காது.

ராத்திரி பில்ட் ஃபெயில். பில்ட் ஃபெயில் ஆனா பழைய பக்கம் அப்படியே நிக்கும். எனக்கு மெயில் வந்திருக்கு, நான் பாக்கல. ரெண்டு வாரம் பழைய நேரமே இருந்துச்சு. அதை நம்பித்தான் அக்கா பஸ் ஸ்டாண்டுக்குப் போனாங்க.

அப்புறம் தங்கச்சி போன் பண்ணா. "அண்ணா, நான் சரியாத்தானே போட்டேன்?" குரலே உடைஞ்சிருந்தது. "நீ சரியாத்தான்மா போட்டிருக்க. தப்பு என் மேல"ன்னேன். சமாதானத்துக்குச் சொல்லல, நிஜமாவே அப்படித்தான். லேப்ல உக்காந்து வேலை செய்றவங்க கையில என்ன மெஷின் இருக்குன்னு நான் கேக்கவே இல்ல.

அப்போ என்ன பண்ணலாம்?

டீம்ல எல்லாரும் லினக்ஸ் இல்ல மேக்னா, ரிலேட்டிவ் பாதையோட சிம்லிங்க் தாராளமா வைங்க. விண்டோஸ் ஆள் இருந்து அட்மின் உரிமையும் இருந்தா, டெவலப்பர் மோடை ஆன் பண்ணி, கோர்.சிம்லிங்க்ஸை ட்ரூன்னு வெச்சு, ரெப்போவைப் புதுசா குளோன் பண்ணச் சொல்லுங்க. பழைய குளோன்ல செட்டிங்கை மட்டும் மாத்தினா, ஏற்கெனவே இருக்கிற டெக்ஸ்ட் ஃபைல் தானா லிங்க்கா மாறாது.

அந்த உரிமை இல்லாத ஒரே ஒருத்தர் இருந்தாலும், லிங்க்கை விட்டுடுங்க. நாங்க அதைத்தான் பண்ணோம். "வழித்தடம்"னு ஒரு பொது ஃபோல்டர், ஒரு ரூட்டுக்கு ஒரே ஃபைல். எந்த ரூட் எந்த மாவட்டப் பக்கத்துல வரணும்னு பில்ட் ஸ்கிரிப்ட் பாத்துக்கும். கூடவே ஒரு செக்: ரெப்போவுல 120000 எங்கயாவது வந்தா பில்ட் அங்கேயே நின்னு, டீம் வாட்ஸ்அப் குரூப்புக்கு மெசேஜ் போகும்.

முன்பின் தெரியாத ரெப்போவை குளோன் பண்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. எழுத வேண்டிய ஃபைலை வேற இடத்துக்குத் திருப்பிவிடவும் சிம்லிங்க்கால முடியும். சப்மாட்யூலையும் சிம்லிங்க்கையும் சேர்த்து வெச்சு, குளோன் பண்ணும்போதே அடுத்தவங்க கோடை ஓட வைக்கிற ஒரு ஓட்டையை 2024 மே மாசம் கிட் 2.45.1ல அடைச்சாங்க. உங்க கிட் அதைவிடப் பழசா இருந்தா இன்னிக்கே அப்டேட் பண்ணிடுங்க.

அக்காவுக்கு அந்த வேலை போனது போனதுதான். நான் போய் மன்னிப்பு கேட்டேன். "சரி விடுப்பா, இப்போ நேரம் சரியா காட்டுதா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இப்போ காட்டுது.

இன்னிக்கு உங்க ரெப்போவுல அந்த எல்எஸ்-ஃபைல்ஸை ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. 120000 ஒண்ணு கண்ணுல பட்டா, டீம்ல விண்டோஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு போன் போட்டு, "உனக்கு அந்த ஃபைல் எப்படித் தெரியுது?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.