தேனீ கொட்டியவரை நடக்க விடாதீர்கள்: செஞ்சிக் கோட்டை ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஊசி

ராஜகிரி மலையில் பாதிப் படிக்கட்டு ஏறியாச்சு. செல்ஃபி எடுக்க நின்ற இடத்தில் ஒருவருக்குக் கழுத்தில் சுரீர். தட்டிவிட்டுப் பார்த்தால் தேனீ. "ஒண்ணும் இல்லடா, வா போலாம்." அடுத்த ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அரிக்கிறது, முகம் சிவக்கிறது, குரல் கரகரக்கிறது. "தலை சுத்துதுடா… வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

கூட வந்தவர்கள் உடனே ஒரு முடிவெடுக்கிறார்கள். "ரெண்டு பேர் கைத்தாங்கலா பிடிங்க, மெதுவா கீழ இறக்கிடலாம்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் எந்த நண்பர் கூட்டமும் இதைத்தான் செய்யும். அந்தக் கைத்தாங்கல் நடைதான் அவருடைய உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மலையேறி, கல்யாண மகால் முன்னால் போட்டோ எடுத்து, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். சுமார் 800 அடி உயர ராஜகிரியை முகலாயப் படையே வருடக்கணக்கில் முற்றுகையிட வேண்டியிருந்தது. நமக்கு ஒரு மணி நேர ஏற்றம். அவசரம் என்று வந்தால், அந்த ஒரு மணி நேரம்தான் பிரச்சினை.

செங்குத்துப் பாறை, பாறைக்கு அடியில் நிழலான குடைவு, பக்கத்தில் சுனை. மலைத்தேனீ கூடு கட்ட விரும்பும் இடம் இப்படித்தான் இருக்கும். நம்மூர்த் தேனீக்களில் உருவத்திலும் கோபத்திலும் பெரியது இதுதான். பொந்துக்குள் ஒளியாமல், ஒற்றை அடையைப் பாறையிலிருந்து வெளியே தொங்கவிட்டு வாழும். கல் எறிந்தாலோ, புகை போனாலோ, தேன்பருந்து வந்து அடையைக் கலைத்தாலோ கூட்டமாகக் கிளம்பிவிடும். ஒரு தேனீ கொட்டும்போது வெளியாகும் வாசனை மற்ற தேனீக்களுக்கு "இங்கேதான் எதிரி" என்று காட்டிக்கொடுக்கும். அதனால்தான் கொட்டு வாங்கிய இடத்திலேயே நின்று கையை வீசக் கூடாது. சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓட வேண்டும். படிக்கட்டில் என்றால் விழாமல் ஓட வேண்டும்.

ஒரு கொட்டா, நூறு கொட்டா?

2025 ஏப்ரலில் நீலகிரி மாவட்டம் கூடலூர் அருகே ஊசிமலைக் காட்சிமுனைக்கு வந்த கேரள இளைஞர் ஒருவர், தேனீக் கூட்டம் கொட்டியதில் அங்கேயே உயிரிழந்தார். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் "விஷம் ஏறி இறந்துட்டார்" என்று பேசிக்கொள்கிறோம். உண்மையில் தேனீ கொட்டி உயிர் போவதற்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "ஒரே ஒரு தேனீதானே" என்ற அலட்சியம் வருகிறது.

முதல் வழி, விஷத்தின் அளவு. ஐரோப்பியத் தேனீக்களை வைத்துப் போடப்படும் கணக்கு, ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 20 கொட்டு. அறுபது கிலோ ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல். குழந்தைகளும் வயதானவர்களும் அதைவிட வெகு குறைவான கொட்டிலேயே ஆபத்துக்குப் போய்விடுவார்கள். இந்த விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைக்கும். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். நிறையக் கொட்டு வாங்கியவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் கறுப்பு டீ நிறத்துக்கு மாறும், அல்லது அளவு குறையும். எனவே "இப்போ பரவாயில்ல" என்று உடனே டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

இரண்டாவது வழி, ஒவ்வாமை. இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். எப்போதோ வாங்கிய கொட்டில் உடல் அந்த விஷத்தை எதிரியாகப் பதிந்துவைத்திருக்கும். அடுத்த முறை அதே விஷம் உள்ளே வந்ததும் உடலின் காவல்படை மொத்தமாகக் கட்டுப்பாடு இழக்கும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசியும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழாய் இறுகும். இதுதான் அனாஃபிலாக்சிஸ். 1902-ல் பிரான்ஸின் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே இருவரும் கடல் உயிரி ஒன்றின் விஷத்தை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்துச் சிறு அளவு கொடுத்ததும் இறந்துபோனது. பழகப் பழக எதிர்ப்பு கூடும் என்ற நம்பிக்கைக்கு நேர் எதிராக நடந்தது. ரிஷேவுக்கு 1913-ல் நோபல் கிடைத்தது. "சின்ன வயசுல எத்தனையோ தடவை கொட்டியிருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பவர்களுக்கு அந்த நாயின் கதையைச் சொல்லலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கொட்டிய இடம் வீங்கிச் சிவந்து வலிப்பது சாதாரணம். கையில் கொட்டினால் முழங்கை வரை வீங்குவதுகூட, பார்க்கப் பயமாக இருந்தாலும், அந்தப் பகுதியோடு நிற்கும் எதிர்வினைதான்.

கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமில்லாத இடங்களைப் பாருங்கள். கழுத்தில் கொட்டி வயிற்றில் தடிப்பு வருகிறதா? கிராமத்தில் காணாக்கடி என்பார்களே, அதேபோல உடம்பெங்கும் திட்டுத்திட்டாக எழும்பும். உதடு, கண்ணிமை வீங்கும். தொண்டை அடைக்கும், குரல் மாறும், மூச்சில் விசில் சத்தம் கேட்கும். வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். வியர்த்து, வெளிறி, "என்னமோ ஆகப்போகுது" என்ற பயம் பிடிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பத்தில் ஒருவர், இருவருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. தேனீ கொட்டிய சில நிமிடத்தில் ஒருவர் நேராக மயங்கிச் சரியலாம். "தடிப்பே இல்லையே, வெயில்ல மயக்கமா இருக்கும்" என்று சோடா வாங்க ஓடுவது இப்படித்தான்.

நேரமும் மிகக் குறைவு. பிரிட்டனில் ஒவ்வாமையால் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து ரிச்சர்ட் பம்ஃப்ரே என்ற மருத்துவர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பூச்சி கொட்டியவர்களுக்கு மூச்சோ இதயமோ நின்றுபோக ஆன நேரத்தின் இடைமதிப்பு 15 நிமிடம். உணவு ஒவ்வாமைக்கு அது 30 நிமிடம். ராஜகிரி உச்சியிலிருந்து 15 நிமிடத்தில் யாராலும் இறங்க முடியாது.

அவில் போட்டாச்சே, அப்புறம் என்ன?

தமிழ்நாட்டில் அலர்ஜி என்றால் அவில். மாத்திரையாகவோ, டெக்சாவோடு சேர்த்து ஊசியாகவோ. அரிப்புக்கு அது நல்ல மருந்துதான். தடிப்பு அடங்கும், பார்க்கிறவர்களுக்கு நிம்மதி வரும். ஆனால் சரிந்த ரத்த அழுத்தத்தை அது தூக்காது, இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. டெக்சா போன்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். அரிப்பு குறைந்ததைப் பார்த்து ஆபத்து விலகியதாக நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உள்ளே நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கலாம்.

அனாஃபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம் வரை; குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. தொடை ஏன்? 1998-ல் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்ச அளவை எட்ட சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கு அடியில் போட்டபோது 34 நிமிடம். 15 நிமிடக் கெடுவில் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இது இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும், விலை குறைந்த, பழைய மருந்து. மருத்துவமனைக்குள் நுழையும்போதே "பூச்சி கொட்டுச்சு" என்று மட்டும் சொல்லாமல், "தேனீ கொட்டி மூச்சுத் திணறுது, மயக்கம் வந்துச்சு, அனாஃபிலாக்சிஸா பாருங்க, அட்ரினலின் தேவைப்படுமா?" என்று கேளுங்கள். டாக்டருக்கே பாடம் எடுப்பதாக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

மலையில் என்ன செய்வது?

கொடுக்கு தோலில் குத்தி நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். நகத்தால் சுரண்டணுமா, ஏடிஎம் கார்டால் வழிக்கணுமா என்ற பழைய விவாதம் தேவையில்லை. விஷப்பையில் இருப்பது முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். சுண்ணாம்பு தேடிப் போகிறவர் அந்த நேரத்தில் 108-க்கு போன் போடலாம். குளவியும், விழுப்புரம், கடலூர்ப் பக்கம் கதண்டு என்றும் பத்திரிகைகளில் விஷவண்டு என்றும் சொல்லப்படும் பூச்சியும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். ஒவ்வாமை அதற்கும் வரும், சிகிச்சையும் இதேதான்.

அடுத்தது படுக்க வைப்பது. ரத்தக் குழாய்கள் தளர்ந்த நிலையில் எழுந்து நின்றால் ரத்தம் காலில் தேங்கும். இதயத்துக்குத் திரும்ப ரத்தமே இருக்காது. பம்ஃப்ரே 2003-ல் மருத்துவமனைக்கு வெளியே இறந்த 10 பேரை ஆராய்ந்தபோது, நான்கு பேரின் மரணம் அவர்கள் எழுந்து உட்கார்ந்த அல்லது நின்ற நேரத்தோடு ஒத்துப்போனது. எனவே மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்க முடியவில்லை என்றால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாக. மூச்சே இல்லை என்றால் மார்பை அழுத்தும் சிபிஆர்.

கீழே இறக்கியே ஆக வேண்டும் என்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரோ, இரண்டு கம்பும் ஒரு போர்வையும் சேர்ந்த டோலியோ, எதுவானாலும். தேனீக் கூட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் முதலில் அங்கிருந்து விலக வேண்டும். ஒருவர் நோயாளியோடு, ஒருவர் போனில், ஒருவர் அடிவாரத்துக்கு ஓட வேண்டும். செஞ்சி ஊருக்குள்ளேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்கு விழுப்புரம், திருவண்ணாமலை, திண்டிவனம் என எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர். முதல் ஊசி போடாமல் அந்தத் தூரத்தைக் கடக்க முயல்வது சூதாட்டம்.

இலங்கையின் சிகிரியாப் பாறையிலும் இதே மலைத்தேனீ, இதே படிக்கட்டுப் பிரச்சினை. அங்கே "சத்தம் போடாதீர்கள்" என்ற எச்சரிக்கைப் பலகைகளும், தாக்குதல் நேரத்தில் ஒதுங்க வலைக்கூண்டும் வைத்தார்கள். உலகப் பாரம்பரிய அந்தஸ்து வந்த பிறகு செஞ்சியின் அடிவாரத்திலும் ஓர் ஆம்பூல் அட்ரினலின், அதைப் போடத் தெரிந்த ஒருவர், ஒரு ஸ்ட்ரெச்சர் என்று கேட்பது பேராசை ஆகாது.

பிழைத்த பிறகு

ஊசி போட்டு எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார் என்றால், அன்றைக்கே கிளம்பிவிட வேண்டாம். சிலருக்குப் பல மணி நேரம் கழித்து, புதிய கொட்டு எதுவும் இல்லாமலேயே, இரண்டாவது அலை வரும். டாக்டர் சொல்லும் நேரம் வரை கண்காணிப்பில் இருப்பது நல்லது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அட்ரினலினின் வேலையை அது மட்டுப்படுத்தும். அதற்காக மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

அப்புறம் ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். தேனீ விஷத்தையே மிகச் சிறு அளவில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டு ஊசியாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. அது பலன் தருவதை 1978-லேயே ஆய்வு காட்டிவிட்டது. நம்மூரில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் படங்களில் வரும், தொடையில் அழுத்தினால் தானே ஏறும் பேனா ஊசியும் நம் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்காது. அதற்குப் பதில் மருத்துவர் எழுதிக்கொடுத்து, எப்படிப் போடுவது என்று குடும்பத்துக்கும் பழக்கிவிட்டு, அட்ரினலினும் ஊசியும் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்வது உண்டு. யூடியூப் பார்த்து ஆம்பூல் உடைக்கும் வேலை வேண்டாம்.

அப்படி வைத்திருப்பவர் மறுபடி ராஜகிரி ஏறலாமா என்பதை அந்த மருத்துவரிடமே கேட்கலாம். ஏறினால் ஊசி மலைக்கு எடுத்துப்போகும் பையில் இருக்க வேண்டும், கூட வருபவருக்கும் அது எந்த ஜிப்பில் என்று தெரிந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் வெப்பத்தில் மருந்து வீரியம் இழந்துவிடும்.