தொலைவைக் கிட்டக் கொணரும் லென்ஸ்

காரைக்குடியில் செக்காலைப் பகுதியில் வாழ்பவன் நான். எங்கள் வட்டாரத்து வீடுகளின் முகப்பு உச்சியில் சுதையாலான கஜலட்சுமி வீற்றிருப்பாள். வாயில் நிலையின் மேல் மரச்செதுக்கு வேலை நிறைந்திருக்கும். பல வீடுகள் இன்று பிரிக்கப்படுகின்றன. அவற்றின் தூண்களும் கதவுகளும் முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. இவ்வாண்டு காணும் சிற்பம் அடுத்த ஆண்டும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே, காமிரா வைத்திருக்கும் மாணவர்கள் இவற்றைப் படமெடுத்து வைத்தல் நலம். கையில் பழைய ரேஞ்ச்பைண்டர் காமிராவும் சிறிது பணமும் மட்டுமே உள்ளவர் எத்தகைய லென்ஸை வாங்கலாம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

தெருவின் எதிர்ப்புறம், 15 மீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். 35 மி.மீ. படச்சுருளில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். வழக்கமான 50 மி.மீ. லென்ஸ் அங்கிருந்து ஏறக்குறைய 11 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். முகப்பு முழுவதும் வரும், சிற்பமோ சிறு புள்ளியாகும். 90 மி.மீ. லென்ஸ் 6 மீட்டரையும், 135 மி.மீ. லென்ஸ் 4 மீட்டரையும் பிடிக்கும். இத்தகைய நெடுங்குவிய லென்ஸ்கள் எல்லாவற்றையும் டெலிபோட்டோ என்று அழைப்பது வழக்கம். குவியத் தூரத்தைவிடக் குட்டையாக அமைந்த லென்ஸுக்கே அப்பெயர் சரியாகப் பொருந்தும்.

இனி, ரேஞ்ச்பைண்டர் வேலை செய்யும் முறையைக் காண்போம். காமிராவின் முகத்திலுள்ள இரண்டு சாளரங்கள் ஒரே பொருளை இரு கோணங்களில் காண்கின்றன. லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்வளையம் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளுகிறது. இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தூரம் சரி. லென்ஸின் குவியத் தூரம் கூடக் கூட, இதிலுள்ள சிறு பிழையும் படத்தில் பெரிதாகத் தெரியும். எனவேதான் இவ்வகைக் காமிராக்களில் பொதுவாக 135 மி.மீ.க்கு மேல் நெம்புகோலோடு இணைந்த லென்ஸ்கள் இல்லை.

அப்படியாயின் 90ஆ, 135ஆ? ஒரு கணக்கைப் பாருங்கள். துளை எண் 4இல், 5 மீட்டர் தூரத்தில் நிற்கும் மனிதரை எடுத்தால், 90 மி.மீ. லென்ஸில் தெளிவின் ஆழம் சுமார் 74 சென்டிமீட்டர். 135இல் சுமார் 33 சென்டிமீட்டரே. அசையும் மனிதரைப் படமெடுக்க 90 ஏற்றது என்பது இதனால் விளங்கும். ஆனால் சுதைச் சிற்பம் அசைவதில்லை. 15 மீட்டர் தூரத்தில் துளையை 8க்குக் குறுக்கினால், 135இலும் தெளிவின் ஆழம் சுமார் 6 மீட்டராகிறது. சிறு பிழை அதனுள் மறைந்துவிடும். பார்வைச் சாளரத்தில் 135இன் சட்டம் மிகச் சிறிதாகத் தெரிவதால் பலர் அதை விரும்புவதில்லை. அதனாலேயே அது பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கிறது. கட்டடங்களை எடுக்கும் மாணவருக்கு இது ஆதாயமே.

லைக்கா, கானன், சோவியத் நாட்டு பெட், சோர்க்கி ஆகிய பழைய காமிராக்கள் பலவற்றுக்கும் 39 மி.மீ. திருகு பொது. 1954இல் வந்த லைக்கா எம்3 முதலியவற்றில் இடைவளையம் ஒன்றின் துணையால் இந்த லென்ஸ்களைப் பொருத்தலாம். கானன் 135, லைட்ஸ் ஹெக்டர் 135, சோவியத் ஜூப்பிட்டர்-11 ஆகியவை எளிய விலைக்குத் தேடத் தக்கவை. மலிவானது மட்டம் என்று எண்ண வேண்டா. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கன், அந்நாளில் பெயர் பெறாதிருந்த ஜப்பானிய நிக்கார் லென்ஸ்களைத் தம் லைக்காவில் பொருத்திக்கொண்டார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. செனித் என்னும் சோவியத் காமிராவின் பழைய லென்ஸ்களுக்கும் அதே 39 மி.மீ. திருகுதான். ஆனால் அங்கே லென்ஸின் இருக்கைக்கும் படச்சுருளுக்கும் இடைவெளி 45.2 மி.மீ.; லைக்காவில் 28.8 மி.மீ. திருகு சேரும், தெளிவு சேராது. நெம்புகோலைத் தள்ளும் வளையமும் அவற்றில் இராது. ஆகவே லென்ஸின் பின்புறத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

அடுத்து, ஒரு விளக்கை எதிரே வைத்து லென்ஸின் உள்ளே நோக்குங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மழைக்காலத்து ஈரம் அதை வளர்க்கும். பனி மூடியதுபோல் மங்கியிருந்தால் படமும் வெளிறும். முன்கண்ணாடியிலுள்ள ஓரிரு மெல்லிய கீறல்கள் அவ்வளவு கேடு செய்வதில்லை. பின்னர் காமிராவில் பொருத்தி, தொலைவிலுள்ள கோபுரத்தைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலிக் குறியில் நிற்கும்போது இரு பிம்பங்களும் ஒன்ற வேண்டும். இறுதியாக, செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, துளையை முழுதும் திறந்து ஒரு படம் எடுத்துக் கழுவிப் பாருங்கள். நீங்கள் குறிவைத்த வரியே தெளிவாக விழுந்தால் லென்ஸ் உங்களுக்கு உரியது. டிஜிட்டல் காமிராவின் திரையில் சோதித்தால் கண்ணாடியின் தரம் தெரியும். நெம்புகோலின் பிழை தெரியாது.

எங்கள் அண்டையூரான கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார், பற்பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, 1940இல் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். யாரோ சிலர் உரிய காலத்தில் எடுத்து வைத்திருந்தமையால் அன்றோ அவரால் தொகுக்க முடிந்தது? நாளை தேடி வருவோருக்காக இன்று எடுத்து வைப்பது இளைஞர் கடமை. அதற்கு விலையுயர்ந்த லென்ஸ் வேண்டுவதில்லை. ஆராய்ந்து வாங்கிய லென்ஸ் போதும்.