கப்சாயின் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தல்



பால் வெட்டப் போகிறவருக்கு விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டால் அன்றைய பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கெடாவின் தோட்டங்களில் நமக்குக் கைகொடுக்கும் வண்டி கப்சாய்தான். 1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழியில் வந்தவை இவை. நம் குருண் வட்டாரத்திலேயே மொடனாஸ் தொழிற்சாலை எழுந்து, 1996இல் கிரிஸ் வண்டி வெளிவந்தது. இப்போதைய புதிய வண்டிகள் பலவற்றில் பெட்ரோலைப் பீய்ச்சும் மின்னணு அமைப்பு வந்துவிட்டது. இருந்தாலும் லயத்து வாசல்களில் பழைய கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

கார்புரேட்டரின் வேலை பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஒடுங்கிய வழியில் காற்று விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே ஏறுகிறது. அது ஏறும் வழிதான் ‘ஜெட்’ எனப்படும் பித்தளைத் துண்டு. நடுவில் நுண்ணிய துளை உண்டு. பெரிய ஜெட் வேகமாக ஓடுவதற்கு. சிறிய ஜெட் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு. கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை. தண்ணீர்த் தொட்டியில் குழாயை மூடுகிறதே, அதே மிதவை வேலைதான்.

எங்கே அடைப்பு என்பதை வண்டியே சொல்லிவிடும். ‘சோக்’ இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் சிறிய ஜெட்டைச் சந்தேகியுங்கள். நின்ற இடத்தில் நன்றாக உறுமி, மேடேறும்போது மூச்சு வாங்கினால் பெரிய ஜெட். அடியிலுள்ள குழாயில் பெட்ரோல் ஒழுகினால் மிதவையின் ஊசியில் அழுக்கு. அதற்கு முன்னால், தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இதைப் பாராமல் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் நம்மில் அதிகம்.

எஞ்சின் ஆறட்டும். வேலையை வெட்டவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சாமி விளக்கையோ அடுப்பையோ எட்டினால் ஆபத்து. வாயில் சிகரெட் கூடவே கூடாது.

பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, உள்ளிருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். சற்று நேரம் வைத்துப் பார்த்தால் அடியில் குமிழ்போல் தண்ணீர் நிற்கும். மழைக்காலத்தில் தொட்டிக்குள் இறங்கிய தண்ணீர் அது. பல சமயங்களில் நோய் இதுதான். மேலே கழற்றவே தேவையிராது.

அதற்கும் சரிப்படாவிட்டால் கார்புரேட்டரை இறக்கிக் கிண்ணத்தைத் திறக்க வேண்டும். நெடுநாள் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மரப்பிசின் போன்ற ஒரு படிவை விட்டுச் செல்லும். மிதவையை முதலில் எடுத்துவிட்டு, பொருந்துகிற திருப்புளியால் ஜெட்டுகளைக் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, முரட்டுக்கை ஆகாது. காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன், அது இறுகும்வரை எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது இறுக்கிவிட்டு அதே எண்ணிக்கைக்குத் தளர்த்தலாம். சுத்தமான பெட்ரோலிலோ கார்புரேட்டர் கழுவும் திரவத்திலோ உலோகப் பாகங்களை ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் எல்லாத் துளைகளிலும் காற்றடியுங்கள். ரப்பர் வளையங்களை அந்தத் திரவத்தில் போடாதீர்கள், ஊதிப்போகும்.

இனி முக்கியமான ஒன்று. துளை அடைத்திருக்கிறதே என்று கம்பியையோ ஊசியையோ விட்டுக் குடையாதீர்கள். சிறிய கப்சாய்களில் பெரிய ஜெட்டின் துளையே ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர்தான். 0.75 மில்லிமீட்டர் துளை 0.85 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பரப்பைக் கணக்கிட்டால் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. பெட்ரோல் அதிகமாக ஏறும், பிளக் கரியாகும், புகை கறுக்கும், மாதாமாதம் வெள்ளி கரையும். பால் வெட்டுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தி ஆழப் பாய்ந்து மரக்கட்டையைத் தொட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும். திரும்பச் சீராக வெட்ட முடியாது. ஜெட்டும் அப்படியே, ஆனால் அதற்குப் புதுப்பட்டை வளர்வதுமில்லை. ஊறவைத்தும் போகாவிட்டால் துளையைவிட மெல்லிய நைலான் தூண்டில் இழையை மெல்ல விட்டுப் பாருங்கள். இல்லையேல் அதே எண் பொறித்த புது ஜெட் வாங்குங்கள்.

பூட்டிய பிறகு எஞ்சினைச் சூடாக்கி, மெதுவான ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். காற்று வடிகட்டியையும் தட்டித் துடைத்துப் பூட்டுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் மரம் இலையுதிர்க்கும் வறண்ட நாட்களில் செம்மண் தூசி அதில்தான் படியும். அந்தச் சமயம் வேலை குறைந்து வண்டி பல வாரங்கள் நிற்குமானால், குழாயை அடைத்துக் கிண்ணத்துப் பெட்ரோலை முன்கூட்டியே வடித்துவிடுங்கள்.